அனுபம்: வாங்கக் கிடைத்த சில்லும் வாங்கக் கிடைக்காத கணிப்பொறியும்

டிராம்பேக்குக் கணிப்பொறி புதிதன்று. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1969இல் டிடிசி-12 என்னும் 'டிராம்பே எண்மக் கணிப்பொறி' இயங்கத் தொடங்கியது. அதன் வழித்தோன்றல்களை ஹைதராபாத்தின் ஈசிஐஎல் நிறுவனம் தயாரித்து விற்றது. ஆயினும் 1990-91இல் தொடங்கிய 'அனுபம்' பணி வேறு வகையானது. முந்தைய பொறி ஒற்றைச் செயலியைக் கொண்டது. அனுபமோ பல செயலிகளைச் சேர்த்து ஒரே கணக்கைப் போடவைக்கும் முயற்சி.

அதன் பின்னணி பலருக்கும் தெரிந்ததே. 1980களின் இறுதியில் அமெரிக்கா கிரே எக்ஸ்எம்பி-14 பொறியை டெல்லியின் வானிலை முன்கணிப்பு மையத்துக்கு மட்டும், வானிலைப் பணிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அதனினும் ஆற்றல் மிக்க பொறிக்கான வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அணுசக்தித் துறைக்கோ அந்தக் கதவு முற்றிலும் மூடியிருந்தது. புனேயில் 1988இல் சி-டாக் அமைந்ததும், 1991இல் பரம் 8000 வெளிவந்ததும் இச்சூழலில்தான். இவற்றையெல்லாம் 'மறுத்தார்கள், நாமே செய்தோம்' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஃப்ளோசால்வர் 1986இலேயே இயங்கியது என்பதை அந்த வரி மறந்துவிடுகிறது.

அது மறக்கும் இன்னொன்றும் உண்டு. தொடக்ககால அனுபத்தின் உள்ளே இருந்த செயலி, இன்டெல் 1989இல் வெளியிட்ட ஐ860. அமெரிக்கச் சில்லுதான். அதைச் சந்தையில் வாங்க முடிந்தது. அதைவிடப் பெரிய முழுப் பொறியை வாங்க முடியவில்லை. ஆகவே வரலாற்றாய்வு கேட்க வேண்டிய கேள்வி, வாங்கக் கிடைத்த சில்லுகளை வாங்கக் கிடைக்காத கணிப்பொறியாக மாற்றியது எது என்பதே. விடை, செய்தி: ஒரு செயல்முறை மற்றொரு செயல்முறைக்கு அனுப்பும், வரிசையில் காத்திருந்து பெறப்படும் செய்தி.

இக்கருத்து டிராம்பேயில் பிறந்ததன்று. டென்மார்க்கின் ஆர்சி 4000 கணிப்பொறி 1960களின் பிற்பகுதியில் போலந்தின் புவாவி நகர அம்மோனியா ஆலையைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டது. (அணு மையத்துக்கு அண்டையிலேயே உரத் தொழிற்சாலையைக் கண்டு பழகிய டிராம்பேக்காரருக்கு இது வியப்பளிக்காது.) பெர் பிரிஞ்ச் ஹேன்சன் அக்கணிப்பொறிக்கு 1969இல் அமைத்த இயங்குதளக் கரு, செயல்முறைகள் ஒன்றன் நினைவகத்தை மற்றொன்று தொடுவதைத் தடுத்தது. எட்டுச் சொல் அளவுள்ள செய்தியைக் கருவிடம் ஒப்படைக்கலாம். கரு அதைப் பெறுநரின் வரிசையில் சேர்க்கும். பெறுநர் எடுத்துப் படித்து மறுமொழி தரும். அனுப்புநரும் பெறுநரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டிய தேவை இல்லை.

யூனிக்ஸில் இந்த வரிசை, ஒஹையோ மாநிலக் கொலம்பஸ் நகரத்துப் பெல் ஆய்வகக் கிளையில் உருப்பெற்று, 1983இல் சிஸ்டம் ஐந்து வழியாக உலகெங்கும் பரவியது. அங்கே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வகை எண் உண்டு. பெறுநர் தனக்கு வேண்டிய எண்ணுடைய செய்தியை இடையிலிருந்தும் உருவிக்கொள்ளலாம். வரிசை நிரம்பினால் அனுப்புநர் காத்திருப்பார். காலியானால் பெறுநர் காத்திருப்பார். தோற்றுவித்த செயல்முறை மடிந்தாலும் வரிசை மடியாது. யாரேனும் நீக்கும்வரை, ஆளில்லா வீட்டின் தபால் பெட்டிபோல் கிடக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. செய்தி அனுப்புநரின் நினைவகத்திலிருந்து கருவுக்கு ஒருமுறையும், கருவிலிருந்து பெறுநருக்கு மறுமுறையும் படியெடுக்கப்படுகிறது. ஒரே பொறிக்குள் பெருந்தரவுக்குப் பொது நினைவகமே விரைவானது. அங்கே செய்தி வரிசை ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் கொடுக்கும் கூலி. பொது நினைவகமே இல்லாத பல செயலிகளை இணைக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அங்கே செய்தியைத் தவிர வேறு வழி கிடையாது.

அனுபம் தேர்ந்துகொண்ட மல்டிபஸ் 2 இந்த இடத்தில்தான் கவனத்துக்குரியது. அது பல அட்டைகள் பகிரும் தொடர்பு வழி. செய்தி பரிமாறுவதற்கென்றே தனித் துணைச்செயலியைக் கொண்டது. சிறு செய்தி, அஞ்சலட்டை போல, அனுமதி கேளாமல் சென்று சேரும். பெரிய செய்திக்கு முதலில் இடம் கேட்க வேண்டும். பெறுநர் இடம் ஒதுக்கியதாகத் தெரிவித்த பின்பே தரவு 32 பைட்டுப் பொதிகளாக நகரும். இயங்குதளம் மென்பொருளால் செய்த வேலையின் ஒரு பகுதியை இங்கே வன்பொருள் ஏற்றுக்கொண்டது. அதன்மீது, நிரலர் அனுப்பு, பெறு என்று எழுதினால் போதும் என்ற வகையில் அனுலிப் என்னும் நிரலகம் அமைந்தது.

வன்பொருளைச் சேர்த்தது பாதி வேலைதான். ஒற்றைப் பொறிக்கென எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் நிரல்களைத் துண்டாக்கும் வேலை எஞ்சியது. அணுஉலையில் நியூட்ரான்களின் போக்கை மான்டி கார்லோ முறையில் கணக்கிடுவது எளிது: ஒவ்வொரு நியூட்ரானின் வரலாறும் தனி, தலைமைச் செயலிக்கு இறுதித் தொகை மட்டும் வந்தால் போதும். காற்றோட்டக் கணக்கில் ஒவ்வொரு படியிலும் அண்டைக் கணுவோடு எல்லை மதிப்புகளைப் பரிமாற வேண்டும். இவை எல்லாவற்றிலும் கடினமானது வானிலை. டி80 என்னும் உலகளாவிய வானிலைப் படிமம், அனுபத்திலும் ஓட்டப்பட்ட ஒன்று, நிறமாலை முறையைச் சார்ந்தது. அதில் ஓர் அலையெண்ணின் மதிப்பைப் பெற எல்லா அட்சரேகைகளின் பங்கும் வேண்டும். அதாவது ஒவ்வொரு படியிலும் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். 100 நொடிக் கணக்கை நான்கு கணுக்கள் 25 நொடியில் முடித்தாலும், செய்திக்கு 15 நொடி செலவானால் கிடைப்பது நான்கு மடங்கு அன்று, இரண்டரை மடங்கே. அந்த 15 நொடியைக் குறைப்பதில்தான் உழைப்பு போயிற்று. தற்சார்பு வரலாறுகள் சில்லையும் தடையையும் பேசுகின்றன. இந்த உழைப்பைப் பேசுவதில்லை. இது ஒரு குறை என்றே சொல்ல வேண்டும்.

1994இல் எம்பிஐ என்னும் பொதுத் தரம் வந்தது. மல்டிபஸ் வழக்கொழிந்தது, ஐ860ஐ இன்டெல்லே கைவிட்டது, பிற்கால அனுபப் பொறிகள் லினக்ஸுக்கும் வேறு செயலிகளுக்கும் மாறின. அனுப்பு, பெறு என்ற அழைப்புகள் மட்டும், பெயர் மாறி, நிரல்களில் அதே இடங்களில் நின்றன.