கற்பிட்டிக் கோட்டையும் கரைவலையும்: தலைமைத்துவம் பற்றிச் சில குறிப்புகள்

முகாமையாளர்களுக்கான பயிற்சிச் செயலமர்வுகளைக் கடற்கரை விடுதிகளில் நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. கொழும்பிலிருந்து வடக்கே புறப்பட்டு, சிலாபத்தைக் கடந்து, புத்தளம் நகருக்குச் சற்று முன்னே பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டித் தீபகற்பம். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. ஓங்கில் கூட்டம் பார்க்கவும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கவும் வெள்ளையர் வந்து குவியும் இக்கரைக்கு நிறுவனங்களின் அதிகாரிகளும் வருகிறார்கள். இரண்டு நாள் தங்குகிறார்கள். 'மூலோபாயச் சிந்தனை', 'குழுத் தலைமைத்துவம்' என்ற இரு தலைப்புகளில் யாரோ ஒரு நிபுணர் திரையில் படங்காட்டி விளக்குகிறார். மாலையில் கடற்கரையில் கயிறிழுக்கும் போட்டியும் உண்டு. (தமிழகத்து அன்பர்கள் மேலாண்மை என்பதையே நாங்கள் முகாமைத்துவம் என்கிறோம், மூலோபாயம் அவர்களுக்கு வியூகம். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே.)

இப்பயிற்சிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எடுத்துக்காட்டுகள் யாவும் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலையிலிருந்தும் ஜப்பானிய உற்பத்திக் கூடத்திலிருந்துமே வருகின்றன என்பது மட்டும் உறுத்துகிறது. விடுதிக்கு வெளியே விரிந்துகிடக்கும் கரையோ, இவ்விரண்டு தலைப்புகளிலும் முந்நூற்றைம்பது ஆண்டு அனுபவம் உடையது.

முதலில் மூலோபாயம். கற்பிட்டியை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து 1659 இல் கைப்பற்றினர். 1667 இல் தொடங்கி 1676 வரை அங்கே ஒரு கோட்டையைக் கட்டினர். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அந்தச் சதுரக் கோட்டை பெரியதன்று. காலி, யாழ்ப்பாணம் கோட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பண்டகசாலை போலவே தோன்றும். அதன் மதிப்பு அளவில் இல்லை, அமைந்த இடத்தில் இருந்தது. புத்தளம் களப்பின் வாய் வடக்கே திறக்கிறது. களப்பினுள்ளே புத்தளம் துறைக்குப் போகும் எந்தத் தோணியும் கற்பிட்டியின் கண்ணுக்குத் தப்பாது. அக்காலத்தில் புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்ட துறை. மலைநாட்டின் கொட்டைப்பாக்கு அவ்வழியே வெளியேறியது. இந்தியத் துணி அவ்வழியே உள்ளே போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பு.

மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், மிளகு விளையும், உப்பு விளையாது. புத்தளம் கரையோ வறண்ட பூமி. ஆழமற்ற களப்பின் உவர்நீரைப் பாத்திகளில் தேக்கினால் வெயிலும் காற்றும் மீதி வேலையைச் செய்துவிடும். இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட வறண்ட மாதங்களில் உப்பு திரளும். ஆகவே கண்டி இராச்சியத்தின் ஒவ்வொரு அடுப்படியும் ஏதோ ஒரு வகையில் கடற்கரையைச் சார்ந்திருந்தது. ஒல்லாந்தர் கண்டுகொண்டது இதைத்தான். படையெடுத்து மலையேறுவது போர்த்துக்கேயருக்கு என்ன கதியைத் தந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். மலையேறாமலே மன்னனைப் பணியவைக்க ஒரு சிறு கோட்டையும் சில காவற்படகுகளும் போதும் என்று கணக்கிட்டனர். எதிரியின் பலவீனம், தமது இடத்தின் சிறப்பு, குறைந்த செலவு என்று இன்று திரையில் கட்டம் போட்டுக் காட்டப்படும் அத்தனையும் அந்தக் கணக்கில் இருந்தன.

கணக்கு சரியாகவே இருந்தது. நூறு ஆண்டு காலம் கண்டியின் கழுத்தில் அந்தப் பிடி இருந்தது. துறைகளைத் திறந்துவிடுமாறு கண்டி அரசவை மீண்டும் மீண்டும் கேட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி இணங்கவில்லை. விளைவு என்ன? 1760 இல் ஒல்லாந்தரின் சொந்த ஆட்சிப் பகுதிகளிலேயே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அவர்களுக்குத் துணை நின்றான். ஆளுநர் வான் எக் 1764 இல் அனுப்பிய படை தோற்றுத் திரும்பியது. 1765 இல் அவர் கண்டி நகரைப் பிடித்தார். ஆனால் நோயும் பட்டினியும் படையை வாட்ட, சில மாதங்களில் நகரைக் கைவிட நேர்ந்தது. எதைத் தவிர்ப்பதற்காகக் கற்பிட்டிக் கோட்டை எழுந்ததோ, அந்த மலையேற்றத்தையே இறுதியில் அவர்கள் செய்ய வேண்டியதாயிற்று.

1766 ஆம் ஆண்டு பெப்ரவரியில், புதிய ஆளுநர் இமான் வில்லெம் ஃபால்க் காலத்தில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. புத்தளம், சிலாபம் உட்பட இலங்கைக் கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. தாளில் பார்த்தால் முழு வெற்றி. ஆனால் அதே உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு: கண்டியின் குடிகள் புத்தளத்திலும் சிலாபத்திலும் உள்ள உப்பளங்களிலிருந்து தங்களுக்கு வேண்டிய உப்பை விலையின்றி எடுத்துச் செல்லலாம். நூறு ஆண்டு பூட்டி வைத்ததை, வென்ற பிறகு அவர்களே திறந்துவிட்டார்கள். கடைநிலைக் குடியானவனின் சோற்றில் கைவைத்து அவனுடைய அரசனைப் பணியவைக்க முடியாது என்பதை ஃபால்க் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உணர்வு வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1795 இல் ஆங்கிலேயர் கற்பிட்டியைக் கைப்பற்றியபோது கண்டி அரசவை ஒல்லாந்தருக்குக் கைகொடுக்கவில்லை. மாறாக மதராசுக்குத் தூதனுப்பி ஆங்கிலேயருடன் பேச்சு நடத்தியது. ஆங்கிலேயர் பிற்பாடு உப்பைத் தமது ஏகபோகமாக்கிக்கொண்டது தனிக் கதை.

சரி, குழுத் தலைமைத்துவத்துக்கு வருவோம். செயலமர்வில் மாலை நேரக் கயிறிழுப்பு நடக்கும் அதே மணலில், வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்களில் மேற்குக் கடல் அமைதியாக இருக்கையில், அதிகாலையில் உண்மையான கயிறிழுப்பு நடக்கும். கரைவலை. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாகப் பரப்பி, மறு தலைப்புடன் வேறோரிடத்தில் கரை சேரும். பின்னர் இரு அணிகளாக நின்று மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். ஓர் அணி முந்தினால் வலை கோணும். அவசரப்பட்டால் அடிக்கயிறு தரையை விட்டு எழும். மீன் கீழ்வழியாகத் தப்பும். நீரோட்டம் மாறினால் இரு அணிகளும் கரையோரமாக நகர வேண்டும். இத்தனைக்கும் ஒருவர் பொறுப்பு: கரையில் நின்றபடி கடலின் நிறத்தையும் மிதவைகளின் போக்கையும் பார்த்துக் கையசைக்கும் மூத்தவர். அவர் அதிகம் பேசுவதில்லை. இழுப்பின் தாளத்தை அம்பாப் பாட்டு பார்த்துக்கொள்ளும்.

வலையும் படகும் சம்மாட்டியுடையவை. முதலீடு அவருடையது, நட்டத்தில் பெரும்பகுதியும் அவருடையது. ஆனால் இழுப்பவர்களுக்கு நாட்கூலி இல்லை. பிடிபட்ட மீனில் பங்கு. வலை வெறுமையாக வந்தால் எல்லோருக்கும் வெறுமை. ஒரே கரையில் பல வலைகள் இருந்தால் முறை வைத்து இறக்குவார்கள். இன்று எனக்கு முதல் முறை என்றால் நாளை உனக்கு. இவ்வேற்பாட்டைப் புனிதமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிவிட்டுக் கடனிலிருந்து மீள முடியாமல் ஆண்டுக்கணக்கில் அவர் வலையையே இழுத்தவர்கள் எல்லாக் கரைகளிலும் உண்டு. இப்போது சில இடங்களில் உழவு இயந்திரம் கயிறிழுக்கிறது. இழுத்த கைகள் வேறு வேலை தேடுகின்றன. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரையில் நிற்கும் அந்த மூத்தவர் சம்மாட்டியாக இருக்க வேண்டியதில்லை. உடைமை ஒருவரிடமும் தீர்மானம் மற்றொருவரிடமும் இருப்பதை இக்கரை இயல்பாக ஏற்றுக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் நாற்காலியின் உயரத்தைக் கொண்டு அறிவை அளப்பவர்கள் சற்று யோசிக்கலாம்.

இக்கரை தந்த மனிதர்களுள் என்னை மிகவும் கவர்ந்தவர் சைமன் காசிச்செட்டி. கற்பிட்டியில் 1807 இல் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராகவும் முதலியாராகவும் பணியாற்றியவர். இன்றைய மொழியில் சொன்னால் நடுத்தர முகாமையாளர்: மேலே வெள்ளைக்காரத் துரை, கீழே ஊர்த் தலைவர்கள், இடையில் இவர். மேலிருந்து வரும் ஆணைக்கும் கீழிருந்து எழும் முணுமுணுப்புக்கும் நடுவே நசுங்குவதற்கென்றே அமைந்த பதவி. அவர் பதவியிலிருந்த காலமும் சாதாரணமானதன்று. 1832 இல் அரசாங்கம் இராசகாரியம் எனும் கட்டாய ஊழியமுறையை ஒழித்தது. அதுவரை முதலியார் ஒருவர் சொன்னால் தெருப்போடவும் சுமைதூக்கவும் ஆட்கள் வந்தாக வேண்டும். அதன் பிறகு வரவேண்டிய கட்டாயம் இல்லை. தலைப்பாகையும் பட்டமும் அப்படியே இருக்க, ஆணையிடும் அதிகாரம் மட்டும் கையைவிட்டுப் போன தலைமுறை அது.

அக்கால முதலிமார் பலர் கௌரவ விருதுகளுக்காகவும் அங்கிப் பொத்தான்களுக்காகவும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கையில், காசிச்செட்டி 1834 இல் இலங்கை பற்றிய ஒரு பெரும் விவரக் கையேட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஊர்கள், ஆறுகள், விளைபொருள்கள், சாதிகள், வழக்கங்கள், பழங்கதைகள் என்று அகரவரிசையில் தீவு முழுவதையும் அடக்கிய நூல். அப்போது அவருக்கு வயது 27. பல்கலைக்கழகம் எதுவும் இல்லை, பயணப்படி தரும் ஆய்வு நிறுவனம் எதுவும் இல்லை. கற்பிட்டியில் இருந்துகொண்டு இதைச் செய்தார். ஆளவந்தவர்களுக்குத் தாம் ஆளும் நாட்டைப் பற்றித் தெரியவேண்டியதை, அவர்களது கச்சேரியில் அவர்களுக்குக் கீழே வேலைபார்த்த ஒருவர் எழுதிக்கொடுத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டு பத்திரிகை வேலையில் செய்தி ஆசிரியர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். எந்த ஊர் எங்கே இருக்கிறது, அங்கே யார் யாருக்கு உறவு என்று அறிந்தவரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுவதில்லை. பதவியில் அவருக்கு மேலே யார் இருந்தாலும்.

1838 இல் அவர் சட்டநிரூபண சபையில் தமிழர்களின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1833 இல் தோன்றிய அச்சபையில் உத்தியோகப்பற்றற்ற சுதேசிகளுக்கு இருந்தவை மூன்றே இடங்கள். பின்னர் அதை விட்டு இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். அச்சேவையில் நுழைந்த முதல் இலங்கையர்களுள் ஒருவர். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார். வழக்குகளுக்கிடையே 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' நூலை வெளியிட்டார். தமிழ்ப் புலவர்கள் இருநூற்றுக்கு மேற்பட்டோரின் வரலாறு, அதுவும் ஆங்கிலத்தில். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் வெளிவந்தது 1886 இல். அடுத்த ஆண்டே, 1860 இல், காசிச்செட்டி காலமானார். ஐம்பத்து மூன்று வயது.

மேலே சொன்னவர்களுக்கு ஏதோ ஒரு பதவியோ முதலோ இருந்தது. எதுவுமில்லாமல் தலைமை ஏற்க நேர்ந்தவர்களையும் இக்கரை கண்டது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் படகுகளில் ஏறித் தெற்கே வந்து இறங்கியது கற்பிட்டிக் கரையில். தமிழ் எழுதுவோர் இதைப் பற்றி எழுதியது குறைவு. தமிழ் பேசுவோர் தமிழ் பேசுவோருக்குச் செய்ததாகையால் அதிகமாக எழுதியிருக்க வேண்டும்.

புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டனர். அரசாங்கம் வந்து சேருமுன் சோறு வந்து சேர்ந்தது. ஓலைக் குடிசைகள் எழுந்தபோது, வந்தவர்கள் தத்தம் ஊர்வாரியாகவே சேர்ந்து குடியேறினர். பழைய ஊரின் பள்ளிவாசல் நிருவாகமே புதிய முகாமின் நிருவாகமாயிற்று. பங்கீட்டு அட்டை, கிணறு, மலசலகூடம், பிள்ளைகளின் படிப்பு, மையித்தை அடக்க ஒரு துண்டு நிலம் என ஒவ்வொன்றும் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். பேசியவர்கள் நேற்றுவரை ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மீனவர்கள்.

முதல் மாதங்களின் பரிவு பல்லாண்டுகளுக்கு அப்படியே நீடிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் குறைந்த கூலிக்கு வேலைசெய்ய வந்தவர்கள் ஆயத்தமாக இருந்தனர், கூலி இறங்கியது, ஏற்கெனவே ஏழைகளாயிருந்த உள்ளூர்த் தொழிலாளருக்கு அது நேரடி இழப்பு. நிவாரணம் முகாமுக்கு மட்டும் வந்தது, வேலிக்கு அப்பால் இருந்த ஏழைக்கு வரவில்லை. காணி, தண்ணீர், அரச வேலை, வாக்கு என்று மனக்கசப்புக்குக் காரணங்கள் பெருகின. ஆயினும் இரு தரப்பினரும் அருகருகே வாழ்ந்தனர், பெண் கொடுத்து எடுத்தனர். அது தானாக நடந்ததன்று. ஒவ்வொரு கிணற்றடிச் சண்டையும் பெரிதாகுமுன் இரு பக்கத்திலிருந்தும் யாரோ நாலுபேர் எழுந்து போயிருக்கிறார்கள்.

போர் 2009 இல் முடிந்தது. திரும்பிச் சென்றவர்கள் உண்டு. சென்று, வீடும் வேலையும் இல்லாமல் மீண்டும் புத்தளத்துக்கே வந்தவர்கள் உண்டு. பிறந்ததே புத்தளத்தில் என்பதால் எங்கே திரும்புவது என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு. பலருக்கு வாக்குப் பதிவு மன்னாரில், வாழ்க்கை புத்தளத்தில். 2019 நவம்பர் 16 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. வண்டிகளில் இருந்தவர்கள் பயணத்தைத் தொடர்ந்து, மன்னாரை அடைந்து, வாக்களித்தார்கள்.