காக்ஸ் டவுனில் ஒரு வீடும் சட்டத்தின் அளவுகோலும்

பெங்களூரின் மனநல வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஓசூர் சாலையிலிருந்தே தொடங்குவர். மைசூர் சமஸ்தானத்தின் மனநோய் மருத்துவமனை, அதன் வளாகத்தில் 1954-இல் உருவான அகில இந்திய மனநல நிறுவனம், இவ்விரண்டும் 1974 டிசம்பரில் இணைந்து பிறந்த நிம்ஹான்ஸ் என்னும் வரிசை நமக்குப் பழக்கமானது. அதே வரலாற்றை நகரின் மறுபுறத்திலிருந்து, கன்டோன்மென்ட் பகுதியின் காக்ஸ் டவுனிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதே இக்குறிப்பின் கேள்வி.

1947 ஜூலை வரை கன்டோன்மென்ட், மைசூர் அரசின் ஆளுகைக்கு உட்படாத சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனாக இருந்தது. தமிழும் உருதும் ஆங்கிலமும் அதன் தெருக்களில் கலந்து வழங்கின. அப்பகுதியின் பாட்டரி ரோட்டில்தான் மெடிகோ பாஸ்டோரல் அசோசியேஷனின் இல்லம் அமைந்துள்ளது. 1964-இல் தோன்றிய இவ்வமைப்பின் பெயரே மருத்துவமும் சமயப் பணியும் சந்தித்த இடத்தைச் சுட்டுகிறது. ஹாஃப்வே ஹோம் எனப்படும் இடைநிலை இல்லத்தை இந்தியாவில் முதலில் நடத்தியது இதுவே என ஆய்வுகள் பலவும் குறிப்பிடுகின்றன. மருத்துவமனையை விட்டு வெளிவந்தும் வீட்டு வாழ்க்கைக்கு உடனே திரும்ப இயலாதவர் சில காலம் தங்கி, சமையல், வேலை, பேச்சு, பணக்கணக்கு ஆகியவற்றில் மீண்டும் பழகும் இடமே இடைநிலை இல்லம்.

அன்றைய சட்டச் சூழலை நினைவுகூர்வோம். நடைமுறையில் இருந்தது 1912-ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம். ஒருவரை எவ்வாறு உள்ளே அனுப்புவது, யார் ஆணையின்பேரில் வெளியே விடுவது என்பவையே அதன் கவலைகள். வெளியே வந்தவர் எங்கே வாழ்வார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. ஆகவே சமூகம் சார்ந்த பராமரிப்பு, சட்டத்தின் மௌனத்திற்குள்ளேயே வளர்ந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார். 1975-இல் நிம்ஹான்ஸ் சமூக மனநலப் பிரிவைத் தொடங்கியது. அதன் சகலவாரா கிராமப்புற மையத்தில், ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் வடிவம் பெற்றன. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் ஏற்கப்பட்டது. 1985 முதல் பெல்லாரியில் சோதித்துப் பார்க்கப்பட்ட மாவட்ட அளவிலான முறை, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடு தழுவிய வடிவம் கொண்டது.

இவ்வாறு பயிற்சியின் வரலாறு இரண்டு தடங்களில் செல்கிறது. முதல் தடம் பல்கலைக்கழகத் தகுதியை நோக்கியது. அகில இந்திய மனநல நிறுவனம் 1955-இல் தொடங்கிய பட்டயப் படிப்புகளும், பின்னர் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின் கீழ் வந்த மருத்துவ உளவியலாளர் பதிவும் இதனைச் சேர்ந்தவை. இரண்டாம் தடம், ஏற்கெனவே ஊரில் இருப்பவருக்குத் தேவையான அளவு கற்பிப்பது. சகலவாராவும் பெல்லாரியும் இதற்கு உதாரணங்கள். இடைநிலை இல்லத்தில் பகலும் இரவும் உடனிருக்கும் பணியாளர் இவ்விரு தடங்களிலும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அவர் பட்டம் பெற்ற நிபுணருமல்லர், சுகாதாரத் துறை ஊழியருமல்லர்.

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மனநல மருத்துவமனை, மனநல நர்சிங் ஹோம் ஆகியவற்றின் வரையறைக்குள் உடல்தேற்ற இல்லத்தையும் அது சேர்த்தது. இடைநிலை இல்லத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அதன் கீழ் வந்த 1990-ஆம் ஆண்டின் விதிகள், நூறு நோயாளிகளுக்கு ஒரு மனநல மருத்துவர், நூறு பேருக்கு ஓர் உளவியலாளர் அல்லது மனநலச் சமூகப் பணியாளர், பத்துப் பேருக்கு ஒரு செவிலியர், ஐந்து பேருக்கு ஓர் உதவியாளர் என விகிதம் வகுத்தன. இருபது பேர் வாழும் ஒரு வீட்டிற்கு இக்கணக்கைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு செவிலியரும் நான்கு உதவியாளரும் கிடைப்பர். உளவியலாளரின் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். மீண்டும் வேலை தேடப் புறப்படுபவருக்குத் துணையாகப் பேருந்து நிறுத்தம்வரை நடப்பவர் யார் என்பதற்கு அந்த அட்டவணையில் பத்தி இல்லை. படுக்கையை அலகாகக் கொண்ட விதி, வீட்டை அளக்க முற்படும்போது நேரும் இடர்ப்பாடு இது.

எனினும் விதிகளே வேண்டா என்னும் முடிவுக்கு வருவது பெரும் பிழையாகும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அப்போது மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. உரிமம் பெற வேண்டும் என்ற விதி தாளில் இருந்தது. அதைச் செயற்படுத்தும் ஆய்வும், குடும்பங்கள் நாடிச் செல்லத்தக்க மாற்று இடங்களும் இல்லை. பாட்டரி ரோட்டு இல்லம் போன்றவை ஊருக்கு ஊர் இருந்திருப்பின் ஏர்வாடியை நோக்கிச் சென்ற குடும்பங்களுள் சிலவேனும் வேறு வழியில் திரும்பியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்விரு பாடங்களையும் உள்வாங்கியது. சமூகத்தில் வாழும் உரிமையை அதன் 19-ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. இடைநிலை இல்லங்களை அரசு வழங்க வேண்டிய சேவைகளுள் 18-ஆம் பிரிவு சேர்க்கிறது. மனநோயுற்றோர் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. மக்கள்தொகைக்கேற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையில் பன்னாட்டு வழிகாட்டுதல்களை எட்டப் பத்தாண்டுக்குள் முயல வேண்டும் என 31-ஆம் பிரிவு அரசுகளைப் பணிக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திற்கு அந்தக் கெடு 2028.

இச்சட்டத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்றுண்டு. தகவலறிந்த ஒப்புதலை வரையறுக்கும்போது, நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரப்பட வேண்டும் என்கிறது அது. கன்டோன்மென்ட் போன்ற பன்மொழிப் பகுதியில் இது சிறிய நிபந்தனையன்று. கன்னடத்தில் எழுதப்பட்ட படிவத்தை ஆங்கிலத்தில் விளக்கி, தமிழ் பேசும் முதியவரிடம் கையொப்பம் பெறுவதை ஒப்புதல் எனக் கொள்ள முடியாது. ஆயினும் 1990-இன் விகிதங்களில் மொழியறிவுக்கு இடமிருக்கவில்லை. ஒப்புதலுக்கு மொழி வேண்டுமெனில், அதைப் பேசத் தெரிந்த பணியாளரும் தகுதி அட்டவணையில் எண்ணப்பட வேண்டுமல்லவா?

முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிம்ஹான்ஸின் பாடத்திட்டங்களும் சட்ட வரைவுகளும் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். இடைநிலை இல்லங்களில் பல்லாண்டு பணியாற்றியோரின் அறிவோ பெரும்பாலும் அவர்களுடைய நினைவில் மட்டுமே உள்ளது. அவர்களுள் முதல் தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். பயிற்சித் தரங்களை வகுப்போர் அவர்களிடம் கற்க வேண்டியவை உள. அவற்றை நாம் வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்யாவிடில், அடுத்து வரும் விதிகளும் படுக்கைகளை எண்ணுவதோடு நின்றுவிடும்.