உராய்வை அளந்தவர்கள்



வேலூருக்குத் தெற்கே, சவ்வாது மலைச் சாரலில், அமிர்தி என்னும் காட்டுப்பகுதி இருக்கிறது. ஒருமுறை ஆம்பூர்ப் பக்கத்து மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். உடன் கொண்டுபோனவை ஒரு நீண்ட பலகை, இரண்டு செங்கற்கள், கயிறு, ஒரு வில்தராசு, அவ்வளவே.

"செங்கல்லைப் படுக்கவைத்து இழுப்பது கடினமா, குறுகிய பக்கத்தில் நிறுத்தி இழுப்பது கடினமா?" என்று வினவினேன். படுக்கவைத்தால்தான் கடினம், பலகையில் அதிக இடம் படுகிறதே என்றனர் அனைவரும். கயிற்றைத் தாழக் கட்டிச் சீராக இழுத்தோம். தராசு இரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டிற்று. மேலே இன்னொரு செங்கல்லை ஏற்றியதும் அளவு இரு மடங்காயிற்று! தராசு பழுது என்றே முடிவுகட்டிய ஒரு மாணவி, மும்முறை தானே இழுத்துப் பார்த்தாள்.

அந்த ஐயம் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. 1699-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தாருக்கும் இதே ஐயம் எழுந்தது. இளமையிலேயே செவிப்புலனை இழந்த கியோம் அமொந்தோன் என்பவர், உராய்வு அழுத்தும் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று அறிவித்தார். கழகத்தார் எளிதில் நம்பவில்லை. லா ஹீர் என்னும் அறிஞர் மீண்டும் சோதித்தார். அவரும் அதையே கண்டார். இதில் வருத்தம் யாதெனில், 1519-ல் மறைந்த லியோனார்டோ டா வின்சி இவ்வுண்மையைத் தம் குறிப்பேடுகளில் முன்பே எழுதி வைத்திருந்தார். அவை அச்சேறவில்லை, ஆகவே அமொந்தோன் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டறிய நேர்ந்தது. பின்னர் கூலும் என்பவர் விரிவான சோதனைகள் செய்து 1781-ல் பரிசு பெற்றார்.

ஆயினும், காரணம் தெளிவாக விளங்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. வழவழப்பாகத் தோன்றும் பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு; மேட்டு நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன என்று கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் விளக்கினர். படுத்த செங்கல் பல நுனிகளை மெல்ல அழுத்துகிறது. நின்ற செங்கல் சில நுனிகளைப் பலமாக அழுத்துகிறது. மெய்யாகத் தொடும் இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

இதைக் கேட்டதும் அம்மாணவி, "அப்படியானால் தோலில் எந்தப் பக்கம் அதிகம் பிடிக்கும்?" என்றாள். அவள் தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. எந்திரங்களை ஓட்டிய தோல் பட்டைகளில், சொரசொரப்பான சதைப்பக்கத்தை விட்டு, வழவழப்பான மயிர்ப்பக்கமே சக்கரத்தில் படுமாறு போடுவது பழைய வழக்கம் என்றேன். அவள் நம்பவில்லை. வீட்டில் இரு பக்கத்தையும் இழுத்துப் பார்ப்பதாகச் சொல்லி வில்தராசை வாங்கிச் சென்றாள்.

தராசு இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை.