மங்களவார்த்தைக்கு முந்திய பெப்ரவரி

கட்டைபறிச்சானுக்கு அயலூர் மூதூர். கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள அவ்வூரின் புளியமரம் ஒன்றை ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று முதியவர்கள் சொல்வார்கள். ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் இழந்து இக்குடாவுக்கு வந்ததும், கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் 1660 ஏப்ரலில் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டதும் நேயர்கள் அறிந்த கதை. 1893இல் அங்கே ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது.

தந்தை சிறையிருந்த நாட்டிலேயே நோயுற்று இறந்தார். பழைய கணக்கில் அந்த நாள் 1660 பெப்ரவரி 9. உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, “சேர், பெப்ரவரியில செத்தவர ஏப்ரல்ல எப்பிடிப் பிடிச்சவங்க?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடை தெரியாத வெட்கம்.

விடை ஒரு தேவாலயத் திருநாளில் இருந்தது. அக்கால இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது ஜனவரியில் அன்று. மார்ச் 25இல், கபிரியேல் சம்மனசு மரியாளுக்கு மங்களவார்த்தை சொன்ன திருநாளில். ஆகவே ஏப்ரலில் 1660 ஆக இருந்த ஆண்டு, அடுத்து வந்த பெப்ரவரியிலும் 1660தான். நம் கணக்கில் அது 1661. பிடிபட்டுப் பத்து மாதத்தின் பின்னரே தந்தை இறந்தார். 1752இல்தான் அங்கே ஆண்டுப் பிறப்பு ஜனவரிக்கு மாறியது. அவ்வாண்டு செப்டெம்பர் 2ஐ அடுத்த நாள் 14 ஆயிற்று.

மங்களவார்த்தை, யோவான், மிக்கேல், நத்தார் என்ற நான்கு திருநாள்களே அங்கு குத்தகைப் பணம் கட்டும் தவணைகளுமாம். திகதி எண்ணைவிடத் திருநாளே சனங்களின் மனத்தில் நின்றது. குடும்ப வரலாறு எழுதுவோர் இடறுவதும் இங்கேதான். ஏப்ரலில் மணமுடித்தவர்களின் பிள்ளை அடுத்த பெப்ரவரியில் ஞானஸ்நானம் பெற்றிருக்கும். இரண்டுக்கும் பதிவில் ஒரே ஆண்டு. கணக்கறியாதவர் வாசித்தால் பிள்ளை மணத்துக்கு முந்திவிடும். என்றோ மறைந்த ஒரு தாயின் பெயர் வீணே கெடும்.

நொக்ஸ் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தது 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை. லூக்காஸ் திருநாள். கோட்டைக்குள்ளிருந்த ஒல்லாந்தருக்கோ அன்று ஒக்டோபர் 28. திகதி பத்து நாள் விலகினும் கிழமை இருவருக்கும் சனிதான்.

இந்தக் கிழமைதான் எனக்கு ஒரு வழி காட்டியது. என் அம்மம்மாவின் பிறப்பை, ‘வெருகல் தீர்த்தத்திலிருந்து மூன்றாம் நாள், வெள்ளி’ என்று எங்கள் வீட்டுக் கொப்பியில் எழுதியிருந்தார்கள். 2006 இடப்பெயர்வில் கொப்பி போயிற்று. வரி அம்மாவின் வாயில் தங்கியது. பின்னர் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பத் திகதிதான் வேண்டுமென்றார்கள். ஜனவரி 1 என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளியானால் தீர்த்தம் புதனில் வந்திருக்க வேண்டும். திதியைப் பற்றி வரும் திருவிழா ஆகையால் எல்லா ஆண்டும் புதன் அமையாது. பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டினால் சில ஆண்டுகளே தேறும். புதிய கொப்பியில் அம்மா சொன்ன வரியை அப்படியே எழுதி, ஆண்டுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.