தேதியிட்ட கடிதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1918-ஆம் ஆண்டுக்குள் எல்லா மாகாணங்களும் கட்டாயக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டன என்பது அத்தேசத்துச் சரித்திராசிரியர்கள் பெருமையோடு குறிப்பிடும் செய்தி. ஆனால் அதற்கு மறு ஆண்டே விஸ்கான்ஸின் மாகாணத்து ஆண்டிகோ என்னும் ஊரில், ஐந்தாம் வகுப்பு வரை மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து படித்த, பாடத்தில் சோடையில்லாத ஒரு சிறுவனை, பிறவி வாதத்தால் அவன் வாயில் நீர் வழிவதும் முகம் கோணுவதும் உபாத்தியாயர்களுக்கும் சக மாணவர்களுக்கும் அருவருப்பை உண்டாக்குகின்றன என்று சொல்லிப் பள்ளி நிர்வாகத்தார் விலக்கிவைத்ததையும், அது சரியே என்று அம்மாகாணத்து உச்ச நியாயஸ்தலம் தீர்ப்பளித்ததையும் அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. பிள்ளையை அனுப்பியே தீரவேண்டும் என்று தகப்பனாரை அதட்டிய சட்டம், இன்ன பிள்ளை வரவேண்டியதில்லை என்ற விலக்கையும் கூடவே எழுதி வைத்திருந்தது.

அத்தகைய குழந்தை பிறந்த வீட்டாருக்கு அக்காலத்து வைத்தியர்கள் செய்த உபதேசமெல்லாம், அதை ஏதேனும் அரசாங்க விடுதியில் சேர்த்துவிட்டு மற்றக் குழந்தைகளைக் கவனியுங்கள் என்பதே. அவ்வுபதேசத்தை ஏற்காத தாய்மார்கள் சிலர், மாதாகோவில்களின் நிலவறைகளில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, தாங்களே சம்பளம் திரட்டி ஓர் ஆசிரியையை அமர்த்தி வகுப்பு நடத்தினார்கள். பல மாகாணங்களில் இவ்விதம் சிதறிக்கிடந்த பெற்றோர் சங்கங்கள் 1950-இல் மினியாபொலிஸ் நகரில் கூடித் தேசிய ஸ்தாபனமாக இணைந்தன. நோபல் பரிசு பெற்ற பெர்ல் பக் அம்மையார் தம் மகளின் புத்தி வளர்ச்சி நின்றுபோன கதையை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வீட்டுக்குள் மூடிவைத்த துக்கம் ஊர்ப் பொதுக்காரியமாக மாறியதற்கு அவ்விரண்டும் பேருதவி புரிந்தன என்பது என் அபிப்பிராயம்.

நிறபேதத்தால் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது தகாது என்று 1954-இல் தேசத்து உச்ச நியாயஸ்தலம் தீர்ப்பளித்தபோது, ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் அந்த நியாயம் பொருந்தாதா என்ற கேள்வி எழுந்தது இயல்பே. பென்ஸில்வேனியா மாகாணத்துப் பெற்றோர் சங்கம் 1971-இல் வழக்குத் தொடுத்தது. அவர்களுக்காக வாதாடிய தாமஸ் கில்ஹூல் என்ற வக்கீல், மனவளர்ச்சி குன்றிய ஒரு சகோதரரை உடையவர். ஐந்து வயதுக்குரிய அறிவு வளராத பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாம் என்றிருந்த அம்மாகாணத்து விதி சமரசத் தீர்ப்பொன்றினால் செயலற்றுப்போயிற்று. மறு ஆண்டு தலைநகராகிய வாஷிங்டனில் நடந்த இதேபோன்ற வழக்கில், கையில் பணமில்லை என்று கல்வி நிர்வாகத்தார் முறையிட்டார்கள். நீதிபதி ஜோஸப் வாடி, பணம் போதாதென்றால் அந்தக் குறையை எல்லாப் பிள்ளைகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ளட்டும், ஊனமுற்றவர்கள் தலையில் மட்டும் அதிகமாக விழலாகாது என்னும் கருத்துப்படத் தீர்ப்புரைத்தார். நிர்வாகிகள் இன்றளவும் ஓதிவரும் பஞ்சப்பாட்டுக்கு இதைக் காட்டிலும் நேர்த்தியான பதில் ஒன்று உண்டோ, நானறியேன்.

1975 நவம்பர் 29-ஆம் தேதி ஜனாதிபதி போர்டு கையொப்பமிட்ட, ஊனமுற்ற குழந்தைகளின் கல்விக்கான 94-142 என்னும் சட்டம் இவற்றின் பலன். எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஊனமுற்ற குழந்தைகளில் பத்து லட்சம் பேர் பொதுப்பள்ளி முறையிலிருந்து அறவே ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அச்சட்டமே தன் முகப்பில் ஒப்புக்கொண்டது. கொடுக்க முடியாததை வாக்களிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டேதான் ஜனாதிபதி கையொப்பமிட்டார். பணவிஷயத்தில் அவர் சொன்னது பலித்தது: சட்டம் விதித்த கணக்கின்படி நூற்றுக்கு நாற்பது வரை மத்திய சர்க்கார் தரவேண்டிய பங்கு இதுவரை ஒரு வருஷமும் முழுமையாக வந்ததில்லை.

ஆயினும் அச்சட்டம் செய்த புதுமை பணத்தில் இல்லை, பெற்றோரின் கையொப்பத்தில் இருக்கிறது. என் குழந்தையைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று தாயோ தந்தையோ தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினால், பள்ளியார் அதற்கு இணங்கவேண்டும், இல்லையேல் மறுப்பின் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். பெற்றோரின் சம்மதம் கிடைத்த 60 நாளுக்குள் பரிசோதனை முடியவேண்டும் என்று, மாகாணம் வேறு கெடு வகுத்திராத இடங்களுக்கு, 2004-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. அதன்பின் கூடும் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியை, விசேஷ ஆசிரியை, மனோதத்துவ நிபுணர், நிர்வாகப் பிரதிநிதி ஆகியோரோடு பெற்றோரும் அங்கத்தினராக அமர்ந்து, அந்த ஒரு குழந்தைக்கென்றே ஒரு திட்டம் வகுக்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை நிமிஷம் பேச்சுப் பயிற்சி, யார் தருவது, எந்த அறையில் என்பது வரை அதில் எழுதியிருக்கும். ஐ.இ.பி. என்று மூன்றெழுத்தில் வழங்கும் அத்திட்டத்தை வருஷந்தோறும் புதுப்பிக்கவேண்டும். கருத்து வேற்றுமை வந்தால் நடுவர் முன் விசாரணை கோரலாம். அது முடியும்வரை பிள்ளையை இருக்குமிடத்திலிருந்து அசைக்கலாகாது.

இத்தனையும் நன்றே. ஆனால், கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்தி, காகிதங்களைக் கோப்பில் கோத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசத் தெரிந்த தாய்க்கும், இரண்டு வேலை பார்த்துவிட்டு அரைநாள் கூலியை இழந்து வந்து, மொழிபெயர்ப்பாளர் சொல்வதைக் கேட்டுத் தலையசைக்கும் தாய்க்கும் இச்சட்டம் ஒரேவிதமாகப் பலன் தருமென்று எவரும் சொல்லார். பெற்றோரையே காவலாக நிறுத்திய சட்டத்தில், காவல் காக்க ஓய்வில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் காவல் குறையத்தானே செய்யும்?

நியாயஸ்தலங்களும் ஒரே திசையில் நடக்கவில்லை. நியூயார்க் மாகாணத்தில் ஏமி ரௌலி என்ற செவிட்டுச் சிறுமிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமென்று, தாங்களும் செவிடர்களான அவள் பெற்றோர் கேட்டார்கள். அவள் வகுப்புக்கு வகுப்பு தேறி வருகிறாள், அது போதும் என்று 1982-இல் உச்ச நியாயஸ்தலம் மறுத்தது. குழந்தையின் நிலைமைக்கேற்ற முன்னேற்றம் வேண்டும் என்று அளவுகோல் சற்று உயர 2017 வரை ஆயிற்று. திட்டம் சரியில்லை என்று முறையிடும் பெற்றோரே அதை நிரூபிக்கவேண்டும் என்று 2005-இல் ஒரு தீர்ப்பு வந்தது, பாரம் கனத்தது. 2007-இல் ஒஹாயோ மாகாணத்துப் பார்மா நகரத் தம்பதிகளின் வழக்கில், வக்கீல் வைக்க வசதியில்லாத பெற்றோர் தாமே மத்திய நியாயஸ்தலத்தில் நின்று வாதாடலாம் என்று அனுமதி கிடைத்தது. இச்சட்டம் தரும் உரிமை பிள்ளைக்கு மட்டுமன்று, பெற்றோருக்கும் சொந்தமானது என்பதே நீதிபதிகள் அதற்குக் காட்டிய காரணம்.