ஈ-மெயில் முகவரி தேடிய கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், உங்க பேட்ச் அட்ரஸ் லிஸ்ட்டை நீங்கதான் முடிச்சுத் தரணும். அப்படியே ஒரு கட்டுரையும் கொடுத்துடுங்க" என்றார்கள். கட்டுரை இதோ. லிஸ்ட் இன்னும் முடியவில்லை. போன சந்திப்பின்போது எழுதி வைத்த ஈ-மெயில் முகவரிகளுக்கு அழைப்பு அனுப்பினேன். மூன்றில் ஒரு பங்கு, 'அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை' என்ற பதிலோடு திரும்பி வந்துவிட்டது. அந்தக் கடுப்பில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் தோன்றியது: ஒருவருடைய ஈ-மெயில் முகவரியைக் கண்டுபிடிப்பது என்ற தலைவலிக்கும் ஈ-மெயிலுக்கும் ஒரே வயது!

1971-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில், போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பி.டி.பி.-10 கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஒரு செய்தியை அனுப்பிப் பார்த்தார். அதற்கு முன்பு ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் தங்களுக்குள் குறிப்பு விட்டுக்கொள்ள முடிந்தது. அடுத்த கம்ப்யூட்டருக்குப் போக வேண்டுமென்றால் ஆள் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டுமே. விசைப்பலகையில் சும்மா கிடந்த @ குறியை எடுத்துப் போட்டார். அன்றைக்குப் பிறந்தது இன்றைய முகவரி. அதன் சங்கடமும் அன்றைக்கே பிறந்தது. நம்ம ஊர் தபால்காரருக்கு 'பிள்ளையார் கோயில் பின்புறம்' என்று எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். இங்கே ஒரு எழுத்து தவறினால் போச்சு.

முதலில் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? புத்தகம்! கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் நெட்வொர்க் தகவல் மையம் ஒன்று இருந்தது. 1972-லிருந்து 1989 வரை அதோடு வாழ்ந்தவர் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையார். எல்லோரும் அவரை 'ஜேக்' என்று கூப்பிடுவார்கள். அர்ப்பாநெட் என்ற அந்த ஆதி வலையில் இருந்தவர்களின் பெயர், தபால் முகவரி, போன் நம்பர், ஈ-மெயில் எல்லாவற்றையும் திரட்டி, டெலிபோன் டைரக்டரி போல அச்சிட்டுக் கொடுத்தது அவருடைய குழு. பிறகு கம்ப்யூட்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி 'ஹூ-இஸ்' என்ற சேவை வந்தது. அதன் விதிமுறை 1982 மார்ச்சில் வெளியானது. பெயரை அடித்தால் விலாசம் வரும், அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருந்தது. ஸ்டான்போர்டு செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் 1971-ல் 'ஃபிங்கர்' என்ற நிரலை எழுதினார். பெயர்க் காரணம் வேடிக்கையானது. கம்ப்யூட்டரில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு அங்கிருந்தவர்கள் விரலை வரிவரியாக ஓட்டி ஆளைத் தேடுவார்களாம். நம்ம ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ரிசல்ட் ஷீட்டில் நாம் விரல் ஓட்டியதைப் போலத்தான். ஃபிங்கர் கட்டளையைக் கொடுத்தால் அந்த ஆளின் முழுப்பெயர், கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்பதெல்லாம் தெரியும். 'ஊருக்குப் போகிறேன், திங்கட்கிழமை வருவேன்' என்று எழுதி வைக்க 'பிளான்' என்ற ஒரு சிறிய கோப்பும் உண்டு.

இரண்டுக்குமே அடி விழுந்தது. புத்தகத்துக்கு விழுந்தது 1978 மே 3-ம் தேதி. டி.இ.சி. என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் கேரி தியூர்க், தங்களுடைய புது கம்ப்யூட்டரைப் பார்க்க வரும்படி மேற்குக் கரையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே அடியாக விளம்பரம் அனுப்பினார். முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன? அச்சிட்ட அந்த டைரக்டரியிலிருந்துதான்! கையால் தட்டச்சு செய்திருக்கிறார்கள். முகவரிகள் அதிகமாகிப் போய், மீதி கடிதத்தின் உடம்புக்குள்ளேயே வழிந்துவிட்டனவாம். உலகத்தின் முதல் குப்பைக் கடிதம் என்று இதைச் சொல்வார்கள். ஃபிங்கருக்கு அடி விழுந்தது 1988 நவம்பர் 2-ல். கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட 'புழு', ஃபிங்கர் சேவையில் இருந்த ஒரு ஓட்டை வழியாகவும் புகுந்தது. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்பது அன்றைய கணிப்பு. அதற்குப் பிறகு பல இடங்களில் 'எதுக்கு வம்பு' என்று ஃபிங்கரையே மூடிவிட்டார்கள்.

நம் நாட்டில் எர்நெட் 1986-ல் ஆரம்பமானது. ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாய் என்.சி.எஸ்.டி. என்று ஒரு சில இடங்களில்தான் வசதி. நம்மைப் போன்ற கல்லூரிகள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தோம். பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். கதவைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். முதல் நாளில் கிடைத்த நகரங்களில் மெட்ராசும் ஒன்று. நாம் கல்லூரியை விட்டு வெளியே வந்த அதே வருஷம்.

இப்போது சொந்தக் கதை ஒன்று. 1996, மெட்ராஸ் சென்னையான வருஷம். என் அறைத் தோழன் அதற்கு முந்தைய ஆண்டு எம்.எஸ். படிக்க அமெரிக்கா போயிருந்தான். போகும்போது டிக்கெட்டுக்குப் பணம் பற்றாமல் அவன் தவித்தபோது, வொர்க்ஷாப் போர்மேன் தன் பி.எஃப். பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். இது அப்போது எங்கள் அறையில் இருந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆகஸ்டில் போர்மேன் படுத்த படுக்கையாகிவிட்டார். பார்க்கப் போனேன். "அவன் எப்படிப்பா இருக்கான்? ஒரு வார்த்தை பேசணும் போல இருக்கு" என்றார். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவன் வீடு மாறியிருந்தான். பழைய போன் நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். கடிதம் போட்டால் பத்துப் பதினைந்து நாள். என் ஆபீசில் வி.எஸ்.என்.எல். கணக்கு இருந்தது. படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. டயல் செய்தால் பாதி நேரம் லைன் கிடைக்காது. அவன் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் தெரியும். ஃபிங்கர் போட்டேன். கதவு மூடியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் 'பி.எச்.' என்ற டைரக்டரி இருந்தது. போன்புக் என்பதன் சுருக்கம் அது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யுடோரா என்ற ஈ-மெயில் மென்பொருளை எழுதிய அதே ஸ்டீவ் டோர்னர் செய்தது. அப்போது அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாக இருந்தது. அதில் அவன் பெயரை அடித்தேன். இல்லை. மறுபடி அடித்தேன். இல்லவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? 'ஆர். குமார்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்ததும் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும். அமெரிக்காவில் அவன் குமார் இல்லை, ராமசாமி! சரி, என் நண்பனின் இனிஷியலுக்கு விரிவு என்ன? வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் ஒரே அறை, ஒரே பக்கெட், ஒரே சைக்கிள். அவன் அப்பா பெயர் தெரியாது. கல்லூரி அலுவலகத்துக்கு வந்து, கிளார்க் அண்ணனிடம் கெஞ்சி, அட்மிஷன் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன். அன்று இரவே அப்பா பெயரைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது. அவன்தான்.

மறுநாள் காலையில் பதில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போர்மேன் வீட்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் போட்டான். நாற்காலியில் உட்கார வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். பத்து நிமிஷம் பேசினார்கள். அடுத்த வாரம் அவர் போய்விட்டார்.

இப்படித் தேடியவன் நான் ஒருவன் மட்டுமல்ல. அந்த நாட்களில் ஜொனாதன் கேமன்ஸ் என்பவர் ஆரம்பித்து வைத்த, 'ஒருவருடைய ஈ-மெயில் முகவரியைக் கண்டுபிடிப்பது எப்படி' என்ற நீண்ட குறிப்பு இன்டர்நெட்டில் சுற்றியது. எம்.ஐ.டி.யில் ஒரு கம்ப்யூட்டர், யூஸ்நெட்டில் எழுதியவர்களின் முகவரிகளைச் சேர்த்து வைத்திருந்தது. அதற்கு ஒரு ஈ-மெயில் போட்டால் பதில் வரும். ஒன்றும் நடக்காவிட்டால் கடைசியாகப் 'போஸ்ட்மாஸ்டர்'. 1982-ன் விதிப்படி ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெயரில் ஒரு முகவரி இருந்தே ஆக வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தின் போஸ்ட்மாஸ்டருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? எக்ஸ்.500 என்று உலகத்துக்கே ஒரே டைரக்டரி போடவும் 1988-ல் திட்டம் வகுத்தார்கள். அந்தக் கனவு பலிக்கவில்லை. அதன் இளைய பிள்ளையான எல்.டாப் மட்டும் ஆபீஸ்களுக்குள் பிழைத்துக்கொண்டது.

1994-ல் வந்த ஃபோர்-லெவன், அமெரிக்க டெலிபோன் விசாரணை எண்ணான 411-ஐயே பெயராக வைத்துக்கொண்டு முகவரிகளைத் திரட்டியது. 1997 அக்டோபரில் யாகூ அதை வாங்கியது. வாங்கும்போது கூடவே வந்த ராக்கெட்மெயில்தான் யாகூ மெயிலானது. அதற்கு முந்தைய வருஷம் ஜூலை 4-ல் ஹாட்மெயில் வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் முகவரி எடுக்கலாம் என்று ஆனபிறகு, எந்த டைரக்டரியில் போய்த் தேடுவது? விளம்பரக்காரர்கள் தொல்லை வேறு. முகவரியை வெளியே காட்டவே ஜனங்கள் பயந்தார்கள். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபோது, ஹூ-இஸ்-ல் தெரிந்த தனிமனித விவரங்களையும் திரை போட்டு மறைத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில், டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஹூ-இஸ்-க்குப் பதிலாக ஆர்.டாப் என்ற புது முறை வந்துவிட்டது.

இதையெல்லாம் மலர்க் குழுக் கூட்டத்தில் நான் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. "எல்லாருடைய ஈ-மெயிலையும் மலரின் பின்பக்கம் அச்சிட்டுடலாம்" என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். 1978-ல் நடந்தது அச்சிட்ட புத்தகத்தை வைத்துத்தான். அதனால் மலரில் பெயரும் ஊரும் மட்டும் வரும். முகவரி சங்கச் செயலாளரிடம் இருக்கும். யாராவது தேடினால், சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிட்டுத் தருவார். கொஞ்சம் தாமதம்தான். பரவாயில்லை. இன்னொரு சண்டையும் போட்டேன், அதிலும் ஜெயித்தேன்: பட்டியலில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கல்லூரி உங்களுக்குக் கொடுத்திருக்கும் முகவரி, நீங்கள் டி.சி. வாங்கியபின் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி முகவரியும் அப்படித்தான். எங்கள் பேட்சில் திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை வேலையை விட்டவர்களின் கம்பெனி முகவரிகள்தான்.

அவற்றில் ஒன்று என் அறைத் தோழனுடையது. அவன் வேலை பார்த்த கம்பெனியை யாரோ வாங்கி, பெயரையே மாற்றிவிட்டார்கள். இந்த முறை அவன் அப்பா பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள், அவனைத் தவிர. எங்கள் பேட்சில் கிடைக்காதவர்கள் இன்னும் ஒன்பது பேர். அவர்கள் பெயர்கள் அடுத்த பக்கத்தில், இனிஷியல் விரிவோடு. யாருக்காவது தெரிந்தால் அங்கேயுள்ள படிவத்தை நிரப்பி, சாயந்திரம் டீ கொடுக்கும் மேசையில் கொடுங்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.