மீட்கச் சென்ற வீரர்



வீரன் என்றதும் வாளும் துப்பாக்கியுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பகைவரை வீழ்த்துவதற்கன்றி, வீழ்ந்தவரைத் தூக்குவதற்காகவே போர்க்களம் புகுந்தவரும் உண்டு. வரலாற்று நூல்களில் அவர்கள் பெறும் இடம் மிகச் சிறிது.

ஹெலிகாப்டர் போர்க்கள மீட்புப் பணியில் முதன்முதலில் ஈடுபட்டது 1944 ஏப்ரலில், பர்மாக் காட்டில். அங்கே விமானம் விழுந்து, ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட நால்வரைக் கார்ட்டர் ஹார்மன் என்னும் அமெரிக்கர் மீட்டார். அவருடைய சிறு ஹெலிகாப்டர் ஒரு முறைக்கு ஒருவரையே சுமக்கவல்லது. இடையில் இயந்திரம் சூடேறித் தடை செய்தது. ஆயினும் இரண்டு நாட்களில் நால்வரையும் ஒருவர்பின் ஒருவராகக் கொணர்ந்து சேர்த்தார்.

ஏழாண்டுகளுக்குப் பின் கொரியப் போர் நடைபெற்றது. 1951 ஜூலை 3-ஆம் நாள் மாலை, வட கொரிய மலைப்பகுதி ஒன்றில் ஜேம்ஸ் வில்கின்ஸ் என்னும் அமெரிக்க விமானியின் விமானம் சுடப்பட்டு விழுந்தது. அவர் கடுந்தீக்காயங்களுடன் மலைச்சரிவில் கிடந்தார். அவரைக் கொணரத் தாமே முன்வந்தவர் ஜான் கெல்வின் கெல்ஷ் என்னும் இருபத்தேழு வயதுக் கடற்படை அதிகாரி. ஜார்ஜ் நீல் என்பவர் துணையாகச் சென்றார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேகம் தாழப் படிந்திருந்தமையால் காவல் விமானங்கள் உடன்வர இயலவில்லை. கெல்ஷ் மேகத்தின்கீழ் இறங்கித் தேடினார். குண்டு ஒருமுறை தாக்கியும் அவர் திரும்பவில்லை. இங்கு ஒன்றை உணர வேண்டும். கயிற்றில் ஒருவரைத் தூக்கும்வரை ஹெலிகாப்டர் ஓரிடத்திலேயே அசையாது நிற்க வேண்டும். கீழே இருப்போருக்கு அதைவிட எளிய இலக்கு வேறில்லை. வில்கின்ஸ் மேலே ஏறிக்கொண்டிருந்தபோதே குண்டுகள் பாய்ந்து ஹெலிகாப்டர் மலையில் விழுந்தது.

மூவரும் உயிர் பிழைத்தனர். காயமுற்றவரைப் பேணியவாறே, கெல்ஷ் மற்றிருவரையும் கடலை நோக்கி நடத்திச் சென்றார். ஒன்பது நாட்களுக்குப் பின் பிடிபட்டனர். சிறையில் கெல்ஷ் பகைவருக்கு எவ்வகையிலும் உதவ மறுத்தார். தம் உணவையும் நோயுற்றோருக்குப் பகிர்ந்தளித்தார். 1951 அக்டோபரில் அங்கேயே உயிர் நீத்தார். மற்ற இருவரும் தாயகம் திரும்பினர். அமெரிக்காவின் தலைசிறந்த போர் விருதான மெடல் ஆஃப் ஆனர், 1955-இல் கெல்ஷின் பெயரால் வழங்கப்பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் ஹெலிகாப்டர் விமானி அவரே.

வகுப்பில் இதனை நான் கூறியபோது, "ஐயா, ஒருவரை மீட்கச் சென்று மூவரும் சிறைப்பட்டனரே; இது தோல்வியன்றோ?" என்று ஒரு மாணவன் வினவினான். நல்ல வினா. கூட்டல் கழித்தலால் பார்த்தால் தோல்வியே. ஆனால் பகைவர் நிலத்தின்மேல் பறக்கும் விமானி எதனை நம்பிப் பறக்கிறான்? "நான் விழுந்தால் என்னைத் தேடி ஒருவர் வருவார்" என்னும் நம்பிக்கையால் அன்றோ! வெற்றி உறுதியானபோது மட்டும் வருபவரால் அந்நம்பிக்கை நிலைபெறாது. கெல்ஷ் போன்றோர் வந்தமையாலேயே அது நிலைபெற்றது.

மாணவர்களே, தேர்வுக்காகப் போர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்கின்றீர்கள், செய்யுங்கள். அத்துடன், எவர் எவரைக் காக்கச் சென்றார் என்பதையும் கேட்டுப் படியுங்கள்.